ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார்

வொர்க்கிங்டன்
28 பிப்ரவரி 2022

நெவில்,

போனில் பேசினால் நான் கத்துவேன். நீ "லைன் சரியில்ல" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கிழிப்பதென்றால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

இன்று காலைத் தபாலில் கீலியின் பயணத் தாள் வந்தது. இரண்டு வாரம் கெஞ்சி, படிவத்துக்கு மேல் படிவம் நிரப்பி வாங்கிய நகல். இந்த மாதம் எட்டாம் தேதி, இங்கே கார்லைல் மனநல வார்டில் படுக்கை இல்லை என்று என் மகளை நாட்டின் அந்தக் கோடியிலிருக்கும் மார்கேட்டுக்குக் கொண்டுபோனார்களே, உங்கள் கம்பெனி ஆம்புலன்ஸில், அந்தப் பயணத்தின் தாள். கால் மணிக்கு ஒரு தரம் அவள் எப்படி இருந்தாள் என்று எழுத வேண்டுமாம். ஆறரை மணி நேரம், இருபத்தாறு கட்டங்கள். ஒன்றுகூடக் காலி இல்லை. "அமைதியாக இருக்கிறார்." "தண்ணீர் கொடுக்கப்பட்டது." "பணியாளருடன் பேசுகிறார்." "ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார்."

இருபத்தாறும் உன் எழுத்து.

இல்லை என்று சொல்லாதே. வாக்கியம் முடிகிற இடத்தில் புள்ளி வைக்காமல் குட்டியாக ஒரு வட்டம் போடுகிற ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். நாற்பது வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் பார்க்கிறேன். மேலே பெயர், தேதி, நேரம் மட்டும் வேறு யாரோ கிறுக்கியிருக்கிறார்கள். மீதியெல்லாம் நீ. அப்படியானால் நீ அந்த வண்டியில் இருந்திருக்கிறாய்.

மார்கேட்டில் அவளை இறக்கியபோது மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன, பேன்ட் நனைந்திருந்தது, இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை என்று அங்குள்ள நர்ஸ் சொன்னாள். அது உனக்குத் தெரியுமா? தெரியாமல் எப்படி இருக்கும்? ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாயே.

முந்தின நாள் நீ போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "பயப்படாத லோர்னா. எங்க ஆளுங்க தங்கமா பாத்துக்குவாங்க." அதை நம்பித்தான் நான் கீலியிடம் சொன்னேன், "உங்க நெவ் மாமாவோட கம்பெனி வண்டிதான்டி, தைரியமா ஏறு" என்று. போலீஸ் வந்தாலும் அசையாதவள், அதைக் கேட்டுத் தானாக நடந்து போய் ஏறினாள். ஏறும்போது உள்ளே எட்டிப் பார்த்தாள். உன்னைத் தேடினாள் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் 24ஆம் தேதி, வியாழக்கிழமை, கார்லைலில் படுக்கை கிடைக்கும், திருப்பிக் கொண்டுவருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த வண்டியில் என்று கேட்டேன். அதே கம்பெனி.

பதில் எழுது.

லோர்னா

*

வேக்ஃபீல்ட்
3 மார்ச்

அன்புள்ள லோர்னா,

உன் கடிதம் வந்தது. இரண்டு நாளாக எடுத்து எடுத்துப் படிக்கிறேன். இங்கே விடாத மழை, முதுகுவலி வேறு. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அதைப் போட்டால் மத்தியானமே கண் சொக்குகிறது. கீலியை நினைக்காத நாள் இல்லை, அதை மட்டும் நம்பு.

நான் அந்த வண்டியில் இல்லை. சத்தியமாக இல்லை. இருந்திருந்தால் அவள் மேல் ஒரு விரல் பட விட்டிருப்பேனா? போனது கிரெய்கும் இன்னொரு பையனும். கிரெய்க் கெட்டவன் கிடையாது. போன வருடம்தான் இரட்டைக் குழந்தை பிறந்தது, பாவம், தூக்கம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறான்.

எழுத்து என்னுடையதுதான். ஓடுகிற வண்டியில் எழுதினால் கோழி கிளறியது மாதிரி இருக்கும், ஒருத்தருக்கும் புரியாது. அதனால் அவர்கள் கொண்டுவருவதைப் பார்த்து நான் ஆபீஸில் சுத்தமாக எழுதி வைப்பேன். நான்தான் கிரிக்கெட் கிளப்பில் ஸ்கோர் எழுதுகிறவன் ஆயிற்றே, என் தலையில் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். கீலியின் பெயர் என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் அன்றைக்கே உனக்குப் போன் செய்திருப்பேன்.

மணிக்கட்டு வீக்கத்துக்கு ஏதாவது காரணம் இருக்கும். சில சமயம் அவர்களே இழுத்துக்கொள்வார்கள். நான் கீலியைக் குறை சொல்லவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேள். எங்களை மாதிரிக் கம்பெனிகளைச் சோதிக்கிற ஆணையத்துக்கு அது இது என்று எழுதிக்கொண்டிருக்காதே. அவர்கள் வருவார்கள், பேப்பரைப் பார்ப்பார்கள், பேப்பர் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். கடைசியில் "தொந்தரவு செய்கிற குடும்பம்" என்று உங்கள் பெயர்தான் கெடும். 24ஆம் தேதி நல்லபடியாக நடக்கட்டும். கிரெய்கிடம் நானே சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பள்ளிக்கூடச் சமையலறையில் இன்னும் உன்னைத்தான் பெரிய அண்டாவைத் தூக்கச் சொல்கிறார்களா? தூக்காதே.

அன்புடன்,
நெவில்

*

வொர்க்கிங்டன்
7 மார்ச்

நெவில்,

அண்டாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, கீலி போன் செய்தாள். பத்து நிமிடம் பேச விடுவார்கள். நன்றாகத்தான் இருந்தாள், சாப்பாட்டில் கிரேவி தண்ணீராக இருக்கிறது என்று குறைகூடச் சொன்னாள். கிரேவியைக் குறை சொல்கிறாள் என்றால் தேறிவருகிறாள் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தத் தெம்பில் கேட்டேன். உன் தாளை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"ஏன்டி, அன்னிக்கு வண்டில வரும்போது ஜன்னல் வழியா என்ன பாத்துக்கிட்டு வந்த?"

"எந்த ஜன்னல்?"

"உன் பக்கத்து ஜன்னல்."

"அம்மா, அதுல ஏது ஜன்னல்? பெட்டிம்மா அது. இரும்புப் பெட்டி. மேல கை அகலத்துக்கு ஒரு ஓட்டை, காத்து வர்றதுக்கு. பகலா ராத்திரியான்னே தெரியல எனக்கு."

அதோடு போனை வைத்துவிட்டாள். நான் ஏன் கேட்டேன் என்று இருக்கிறது.

தாளை மறுபடி எண்ணினேன். "ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார்" என்று ஐந்து இடத்தில் இருக்கிறது. நீ பார்த்து எழுதினேன் என்கிறாய். இல்லாத ஜன்னலைக் கிரெய்க் ஐந்து தரம் எழுதிக் கொடுத்தானா? நீயும் யோசிக்காமல் ஐந்து தரம் அழகாகப் பெயர்த்து எழுதினாயா?

என்னிடம் பூசி மெழுகாதே. எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது. நீ பொய் சொல்லும்போது முதுகுவலியில் தொடங்குவாய் என்று எனக்குத் தெரியும்.

லோர்னா

*

வேக்ஃபீல்ட்
11 மார்ச்

லோர்னா,

இதை மூன்று தடவை தொடங்கிக் கிழித்தேன். இது நான்காவது. இதில் முதுகுவலி கிடையாது.

நான் எதையும் பார்த்து எழுதவில்லை. கீலி வண்டியில் ஏறுவதற்கு முன்பே அந்தத் தாள் எழுதி முடிந்திருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் ரோட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. முதுகு போனதும் என்னை வண்டிகள் நிற்கிற யார்டில் போட்டார்கள். வண்டி கழுவுவது, சாவி கொடுப்பது, பேப்பர். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டில் சொன்ன கதையெல்லாம் பழைய கதை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஆணையத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மரியாதையானவர்கள். டீ வாங்கிக்கொண்டார்கள், பிஸ்கட் வேண்டாம் என்றார்கள். பயணத் தாள்களை எடுத்து விரித்து, பாதிக் கட்டம் காலியாக இருக்கிறது, இந்த நேரத்தில் நோயாளியை யாராவது பார்த்தார்களா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மேனேஜர் பெண்ட்ரி முகம் செத்துப்போயிற்று. மறுநாள் சுவரில் ஒட்டினார்: காலிக் கட்டம் கூடாது.

ஆனால் வண்டியில் இரண்டே பேர். ஒருத்தன் ஓட்ட வேண்டும், இன்னொருத்தன் வழி பார்க்க வேண்டும், போன் பேச வேண்டும். யாரும் எழுதவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து வாய்க்கு வந்ததை எழுதினார்கள், அதுவும் கிறுக்கல். அப்போது பெண்ட்ரி என்னிடம் வந்து, "நெவில், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. திங்கக்கெழமை சும்மாதானே இருக்கீங்க" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. திங்கட்கிழமை காலை நாற்பது தாள் எடுத்துக்கொள்வேன். ஆறு வாக்கியம் எழுதின அட்டை ஒன்று மேசையில் இருக்கும். மாற்றி மாற்றி நிரப்புவேன். பெயர், தேதி, நேரம் மூன்றையும் விட்டுவிடுவேன், அதை வண்டிக்காரர்கள் போட்டுக்கொள்வார்கள். அதற்கப்புறம் ஆணையத்துப் பெண்கள் மறுபடி வந்தார்கள். "பதிவுகள் இப்ப ரொம்ப நல்லா இருக்கு" என்றார்கள். பெண்ட்ரி கேக் வாங்கினார். எனக்கு ஓரத்துத் துண்டு, ஐசிங் அதிகம் உள்ளது. ருசித்துச் சாப்பிட்டேன்.

அந்த ஆறில் ஐந்து பெண்ட்ரி கொடுத்தது. ஜன்னல் வாக்கியம் என்னுடையது. ஹல்லிலிருந்து லங்காஸ்டருக்கு ஒரு பெரியவரைக் கூட்டிப்போனேன், பழைய வண்டியில். வழி முழுக்க ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ஆடு எண்ணினார். தப்பாக எண்ணிவிட்டால் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முதலிலிருந்து எண்ணுவார். அந்த ஆறில் அது ஒன்றாவது உண்மையாக ஒருநாள் நடந்தது என்று எனக்குள் ஒரு பெருமை.

ஜனவரியில் புது வண்டிகள் வந்தன. பின்னால் இரும்புப் பெட்டி. ஜன்னல் இல்லை. எனக்குத் தெரியாதா? நான்தான் அதைக் கழுவுகிறேன். உள்ளே முட்டிபோட்டு உட்கார்ந்து நாலு பக்கமும் இரும்பைத் துடைத்துவிட்டு, வெளியே வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து "ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார்" என்று எழுதியிருக்கிறேன். வாரா வாரம். எனக்கு உறைக்கவே இல்லை, லோர்னா. அந்தத் தாளுக்குள் ஒரு ஆள் வருவார் என்றே நான் நினைக்கவில்லை.

பிப்ரவரி எட்டு செவ்வாய்க்கிழமை. அவளுடைய தாளை முந்தின நாள் எழுதியிருப்பேன். நீ போன் செய்து பயமாக இருக்கிறது என்றாயே, அன்றைக்கு.

நெவில்

*

வொர்க்கிங்டன்
14 மார்ச்

நெவில்,

நீ கூட இருந்து பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய் என்று நினைத்து இரண்டு வாரம் உன்னை வெறுத்தேன். இப்போது அதுவே பரவாயில்லை போலிருக்கிறது. நீயும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. ஆறரை மணி நேரம் என் மகளை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆனால் கையில் தாள் இருக்கிறது, முத்து முத்தாக.

திட்ட எனக்கு நேரம் இல்லை. பத்து நாள்தான் இருக்கிறது. கீலியிடம் தேதியைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்ட ஒரே கேள்வி "எந்த வண்டி?" சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் வருவதற்கு எந்தப் பெண்ணாவது பயப்படுவாளா? இவள் பயப்படுகிறாள்.

நான் எல்லாருக்கும் போன் செய்து பார்த்துவிட்டேன். வண்டியை ஏற்பாடு செய்கிற இடத்தில் ஒரு பெண், "உங்க கவலை புரியுதுங்க. ஆனா அந்தப் பயணத்தோட பதிவுகளைப் பாத்துட்டோம். எல்லாம் ஒழுங்கா இருக்கே" என்றாள். உன் தாளைத்தான் சொல்கிறாள். நான் வாயால் சொல்வது எடுபடாது. பைத்தியத்தின் அம்மா என்ன சொன்னாலும் பைத்தியக்காரப் பேச்சுதான். உன் பேச்சு எடுபடும். தாளை எழுதினவன் நீ.

எனக்கு எழுதினாயே, அதையே ஆணையத்துக்கு எழுது. பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு. பெயரில்லாக் கடிதம் போட்டுத் தப்பிக்கலாம் என்று பார்க்காதே. கிரெய்கிடமும் கேள், உள்ளே என்ன நடந்தது என்று. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

லோர்னா

*

வேக்ஃபீல்ட்
16 மார்ச்

லோர்னா,

கிரெய்கிடம் கேட்டேன். நேற்று யார்டில், பேக்கன் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

"பிப்ரவரில, கார்லைல்லேர்ந்து மார்கேட், ஒரு பொண்ணு. ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"தட்டிக்கிட்டே வந்துச்சே, அதுவா? ஏன்?"

"என்ன சொல்லித் தட்டுச்சு?"

"நெவ் மாமா, நெவ் மாமான்னு. லூசுப் புள்ளைங்க ஆயிரம் பேரு சொல்லும், நான் என்னத்தக் கண்டேன்? இங்க மாமனும் இல்ல மச்சானும் இல்ல, சும்மா உக்காருன்னு சொன்னேன். அப்புறம் ரேடியோவைக் கொஞ்சம் தூக்கி வச்சோம்." சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்தான். ரோலைக் கீழே வைத்தான். "நெவ். உன்னையா கூப்டுச்சு?"

கைவிலங்கு ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். புது வண்டியில் எல்லாருக்கும் போடச் சொல்லி பெண்ட்ரி உத்தரவாம். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், இவர்கள் இறங்கிப் பேஸ்ட்ரி தின்றிருக்கிறார்கள். அவளை இறக்கவில்லை. பெண் நோயாளியைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகப் பெண் பணியாளர் வேண்டும் என்பது விதி. அன்றைக்குப் பெண் பணியாளர் யாரும் போகவில்லை. அதனால் விதிப்படி இறக்கவில்லை என்கிறான்.

"பாதியிலாவது ஒரு தடவ திரும்பிப் பாத்தியா?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "பேப்பர்லதான் ஏற்கெனவே எழுதியிருந்துச்சே, நெவ். அமைதியா இருக்காருன்னு. நீதானே எழுதின. அப்புறம் எதுக்கு நான் திரும்பிப் பாக்கணும்?"

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான். நடந்ததை மறைக்க ஒரு தாளை எழுதிவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்ததே அந்தத் தாளால்தான்.

கடைசியில், "எம் பேர எங்கயும் சொல்லிடாத நெவ். ரெண்டு கைக்கொழந்த" என்றான்.

ஆணையத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். உறையில் போட்டு ஒட்டவில்லை. ஒட்டினால் கிரெய்குக்கு வேலை போகும், எனக்கும் போகும், பொய்ப் பதிவு என்று வழக்குக்கூட வரலாம். என் வயதில் இந்த முதுகோடு யார் வேலை கொடுப்பார்கள்? இதையெல்லாம் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உன்னிடம் இனி பொய் சொல்லக்கூடாது என்று இருக்கிறேன். இன்றைக்கு ஒட்டவில்லை. நாளைக்குப் பார்க்கிறேன்.

நெவில்

*

வொர்க்கிங்டன்
18 மார்ச்

நெவில்,

கீலி நேற்று ஒரு நர்ஸிடம், "அந்த வண்டி வந்து நிக்கறதுக்கு முன்னாடி நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். அப்போதிலிருந்து அவளுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஒருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். குளிக்கும்போதுகூட.

இதை எனக்குச் சொன்ன வார்டு பொறுப்பாளர் பெயர் மிரியம். நல்ல மாதிரியாகத் தெரிகிறது. "வண்டியை நாங்க முடிவு பண்றதில்ல" என்று சொல்லும்போது அவளுக்கே குரல் இறங்கியது. அவளுடைய நேர் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பள்ளியில் லீவு சொல்லிவிட்டேன். நாளை ரயிலில் மார்கேட் போகிறேன். தங்குமிட முகவரி பின்னால் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்தேன். கிரெய்கின் குழந்தைகளுக்காக நீ வருத்தப்பட்டது தெரிகிறது. எனக்கும் ஒரு குழந்தை இருக்கிறது. அது கதவைத் தட்டி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

இனி எனக்கு எழுதாதே. நீ எழுத வேண்டிய இடம் வேறு.

லோர்னா

*

வேக்ஃபீல்ட்
21 மார்ச், திங்கள்

லோர்னா,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. கிரெய்க் வீட்டுக்குப் போனேன். அவனுக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்று பட்டது. ஆணையத்திடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று வாசலில் நின்று சொன்னேன். ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தான். "உன்ன நல்லவன்னு நெனச்சேன்" என்றான். கதவைச் சாத்திவிட்டான்.

இன்று காலை வழக்கம்போல எட்டு மணிக்கு ஆபீஸுக்குப் போனேன். போன திங்கட்கிழமை நான் எழுதி வைத்ததில் முப்பத்தோரு தாள் அலமாரியில் பாக்கி இருந்தது. பெயர் இல்லை, தேதி இல்லை, நேரம் இல்லை. ஆனால் இருபத்தாறு கட்டமும் நிரம்பியிருக்கிறது. அதை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஆறு வாக்கிய அட்டையையும் எடுத்தேன். அப்புறம் பெண்ட்ரி அறைக்குப் போய், இனிமேல் எழுத மாட்டேன், எழுதினதைச் சொல்லப்போகிறேன் என்றேன். "எத சொல்லப்போறீங்க? உங்க எழுத்துதானே எல்லாம்" என்றார். "ஆமா, அதனாலதான்" என்றேன். சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆணையத்துக்குக் காரில் உட்கார்ந்தே போன் செய்தேன். எடுத்த பெண் முதலில் படிவம் நிரப்புங்கள் என்றாள். கையில் இருந்த ஒரு தாளைப் படித்துக் காட்டினேன். "இது யாரோட பயணம்?" என்றாள். "தெரியாதும்மா. இன்னும் யாரும் ஏறல" என்றேன். அப்புறம், இருங்கள், வைத்துவிடாதீர்கள் என்று வேறு ஒருவரிடம் கொடுத்தாள். மத்தியானம் லீட்ஸில் ஒரு ஆபீஸுக்கு நேரில் போய் முப்பதையும் அட்டையையும் கொடுத்துவிட்டு, சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பெயர், முகவரி, எல்லாம். கடைசியில் வைத்த புள்ளியும் வட்டமாகத்தான் வந்தது. கை பழக்கம்.

மிரியத்துக்கும் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன், பெட்டியைப் பற்றி, விலங்கைப் பற்றி, கழிப்பறையைப் பற்றி. "இத எழுதித் தருவீங்களா?" என்றாள். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். ஆனால் வண்டி ஏற்பாடு வேறு இடத்தில், மூன்று நாளில் மாற்றுவார்களா என்று சொல்ல முடியாது என்றாள்.

அதனால் வியாழக்கிழமை வாசலில் எது வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை, லோர்னா. தெரிந்த மாதிரி எழுதி உன்னைத் தேற்றலாம். அப்படி எழுதி எழுதித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

பெட்டி வண்டி வந்தால், ஏற விடாதே. முன்னால் போய் நில். நானும் வந்து நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். என்னைப் பார்த்தால் அவளுக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வரும் என்று வரவில்லை.

எடுத்துவைத்த தாளில் ஒன்றைக் கொடுக்காமல் இதோடு வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கம் வெறும் தாள். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

நெவில்

*

[உன் தாளின் பின்பக்கம்]
24 மார்ச், வியாழன். கீலி. மார்கேட்டிலிருந்து கார்லைல். எழுதுவது: அவள் அம்மா.

8.30: வாசலில் நிற்கிறேன். எந்த வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. மிரியம் போனில் இருக்கிறாள். கீலி மாடியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்புப் போட மறுக்கிறாள்.

8.45: வெள்ளை வேன் ஒன்று வந்தது. குறுக்கே போய் நின்றேன். ரொட்டிக்காரன்.

9.00: இன்னும் தெரியவில்லை.

9.15: மிரியம் கீழே வந்தாள். உங்கள் கம்பெனியின் ஓட்டத்தை நேற்று மாலையோடு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், விசாரணை முடியும்வரை. வேறு கம்பெனி கிடைக்கவில்லை. "அதனால நம்ம வார்டு மினிபஸ்தான். நானே வர்றேன். நீங்களும் ஏறிக்கங்க" என்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

9.30: கீலி வாசல்வரை வந்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

9.45: மறுபடி வந்தாள். வண்டியைச் சுற்றி ஒரு சுற்று நடந்தாள். கண்ணாடியை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

10.00: ஏறிவிட்டாள். கையில் விலங்கு இல்லை. என் கையைப் பிடித்திருக்கிறாள், வலிக்கிறது.

10.15: அழுகிறாள்.

10.30: அழுகிறாள்.

10.45: "என்னம்மா எழுதற?" என்றாள். சொன்னேன். "அழுதேன்னு எழுதுனியா?" என்றாள். எழுதினேன் என்றேன். "சரி" என்றாள்.

11.15: முந்தின கட்டம் விட்டுப்போயிற்று. கழிப்பறைக்காக நிறுத்தினோம். மிரியம் கூடப் போனாள். கீலி சிப்ஸ் கேட்டாள், பாதி சாப்பிட்டாள்.

11.30: கதவு பூட்டும் சத்தத்தில் கீலிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. மிரியம் பூட்டைத் திறந்து, அவளையே பூட்டச் சொன்னாள். பூட்டினாள்.

11.45 முதல் 1.30 வரை: எதுவும் எழுதவில்லை. என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பேனா அந்தப் பக்கத்துப் பையில் இருந்தது. இந்தக் கட்டங்களை உன் ஆணையத்துப் பெண்கள் வந்து கேட்டால் என் பெயரைச் சொல்.

1.45: எழுந்தாள். நெவ் மாமா அன்றைக்கு வண்டியில் இருந்தாரா என்று கேட்டாள். இல்லை, ஆனால் இன்றைக்கு இந்த வண்டி வந்தது மாமாவால்தான் என்றேன். இரண்டும் உண்மை. மற்றதை அவள் தேறினபின் நீயே சொல். நான் சொல்ல மாட்டேன்.

2.00: மீதி சிப்ஸை எடுத்துச் சாப்பிட்டாள். உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை, கேட்டிருந்தால் இங்கே எழுத வேண்டியிருக்கும். இப்போதைக்கு அந்தக் கட்டம் காலி.

2.15: வெயில் வந்திருக்கிறது. ரோட்டோரம் மேட்டில் ஆடுகள். கீலி நெற்றியைக் கண்ணாடியில் வைத்திருக்கிறாள். உதடு அசைகிறது, எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன். ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.